கார்மெனுக்கு முன் மூன்று மாலைகள்: பிஸேயைக் கேட்கத் தொடங்குவோருக்கு

பிரெஞ்சு இசையமைப்பாளர் பிஸேயிடம் நான் முதன்முதலில் போனது தவறான வாசல் வழியாக. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, அவருடைய புகழ்பெற்ற ஓபராவான, அதாவது பாட்டாலேயே நடக்கும் நாடகமான, கார்மெனின் மொழிபெயர்ப்பு வரிகள் இல்லாத பதிவு ஒன்றை முழுவதும் பார்த்தே தீருவது என்று உட்கார்ந்தேன். இரண்டாம் அங்கத்தின் நடுவில் தூங்கிவிட்டேன். விழித்தபோது மேடையில் மலை. இருட்டில் யார் யாரோ மூட்டை சுமந்துகொண்டிருந்தார்கள். அதன்பிறகு இரண்டு வருடங்கள், ஓபரா நமக்கு ஒத்துவராத சமாசாரம் என்று முடிவுகட்டி இருந்தேன். குற்றம் ஓபராவுடையது அல்ல, நான் போன வரிசையுடையது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த வரிசையைத் திருத்தி இங்கே எழுதுகிறேன். நான்கு மாலைகள் போதும். அவற்றில் கார்மென் கடைசி.

தொடங்குவதற்கு முன்

பெயர் ஜார்ஜ் பிஸே. பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் கடைசியில் ‘டி’ என்ற எழுத்து நிற்கும். இணையத்தில் தேடும்போது அதைச் சேர்க்க வேண்டும், வாயால் சொல்லும்போது விட்டுவிட வேண்டும். 1838 அக்டோபர் 25 அன்று பாரிஸில் பிறந்தார். 1875 ஜூன் 3 அன்று பாரிஸை அடுத்த பூஜிவாலில் இறந்தார். 36 வயது. இந்த ஒரு எண்ணை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் இசையைச் சுற்றி நடந்த குழப்பங்கள் பலவற்றுக்கும் இதுவே காரணம்.

குழப்பம் என்னவென்றால், இன்று பிஸே என்ற பெயரில் நம் காதுக்கு வருவதில் நிறைய இடங்களில் வேறு கைகள் புகுந்திருக்கின்றன. அவர் போனபின் நண்பர் ஒருவர் தொகுத்தார், பதிப்பாளர் வெட்டி ஒட்டினார், நாடக அரங்குகள் முடிவையே மாற்றின. மற்ற இசையமைப்பாளர்களைக் கேட்கத் தொடங்குபவர் எந்தப் பதிவு நல்லது என்று கேட்பார். பிஸேயிடம் அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்: இது யார் கைபட்ட பிஸே? ஒவ்வொரு படியிலும் அதைச் சொல்லிக்கொண்டே போகிறேன்.

கருவி விஷயத்தில் ஒரே ஒரு வற்புறுத்தல். தொலைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். பிஸேயின் கெட்டிக்காரத்தனம் பெரும்பாலும் அடியில், செல்லோக்களிலும் ஹார்ன்களிலும் ஒளிந்திருக்கிறது. சாதாரணமான ஹெட்போன் போதும்.

முதல் மாலை: லார்லேசியென்

பாட்டே இல்லாத இசையிலிருந்து தொடங்குவது நல்லது. அல்போன்ஸ் தோதே எழுதிய ‘லார்லேசியென்’ என்ற நாடகத்துக்காக 1872இல் பிஸே பின்னணி இசை அமைத்தார். தலைப்புக்கு ஆர்ல் ஊர்ப் பெண் என்று பொருள். தென்பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில் ஒரு பண்ணை வீடு. அந்த வீட்டுப் பையன் பிரெதெரி ஆர்ல் ஊர்ப் பெண் ஒருத்தியின் மேல் பித்துப் பிடித்து, கடைசியில் மாடத்திலிருந்து குதித்து உயிரை விடுகிறான். வேடிக்கை என்னவென்றால், நாடகத்துக்கே பெயர் தந்த அந்தப் பெண் கடைசிவரை மேடைக்கு வருவதில்லை.

அரங்கு கொடுத்தது வெறும் 26 வாத்தியக்காரர்களை. அந்தக் குறையையே பிஸே வசதியாக்கிக்கொண்டார். அப்போது இசைக்குழுக்களில் அரிதாக இருந்த சாக்ஸபோனை உள்ளே கொண்டுவந்தார். அக்டோபர் 1 அன்று அரங்கேறிய நாடகம் எடுபடவில்லை. இசையைத் தனியாகப் பிரித்து, பெரிய இசைக்குழுவுக்கு மாற்றி, நான்கு துண்டுகள் கொண்ட தொகுப்பாக்கினார். அதே ஆண்டு நவம்பரில் பாதெலூ நடத்திய கச்சேரியில் அது வாசிக்கப்பட்டபோது கைதட்டல் நிற்கவில்லை. பிஸேயின் வாழ்நாளில் கிடைத்த ஐயத்துக்கு இடமில்லாத வெற்றிகளில் அது ஒன்று. அப்படிப்பட்டவை அவருக்கு அதிகம் வாய்க்கவில்லை.

தேட வேண்டியவை: லார்லேசியென் முதல் தொகுப்பு, இரண்டாம் தொகுப்பு. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 35 நிமிடம். சர் தாமஸ் பீச்சம் நடத்திய பழைய பதிவு ஒன்று எல்லா இடங்களிலும் கிடைக்கிறது. புதியவருக்கு நான் தயங்காமல் அதைத்தான் கொடுப்பேன்.

முதல் தொகுப்பின் முன்னிசையில், புரோவான்ஸின் பழைய கிறிஸ்துமஸ் பாட்டான ‘அரசர்களின் அணிவகுப்பு’ மெட்டு எந்தத் துணையும் இல்லாமல் எல்லாக் கருவிகளிலும் ஒரே குரலாக வருகிறது. அதன்பின் நான்கு முறை திரும்ப வருகிறது, ஒவ்வொரு முறையும் வேறு உடுப்பில். முதல் முறை கேட்கும்போது இதைமட்டும் கவனியுங்கள்: மெட்டு மாறவில்லை, சுற்றியுள்ளதுதான் மாறுகிறது. பிறகு இசை அடங்கி சாக்ஸபோன் நுழையும். அது பிரெதெரியின் தம்பிக்கு உரியது. ஊரார் அவனை ‘பேதை’ என்று அழைக்கிறார்கள்.

மூன்றாவது துண்டின் பெயர் அதாஜியேத்தோ. கம்பிவாத்தியங்கள் மட்டும், ஒலியை அடக்கி. மூன்று நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இளமையில் ஒருவரை ஒருவர் விரும்பி, கடமைக்காகப் பிரிந்துபோன இரண்டு பேர், கிழவனும் கிழவியுமான பிறகு மீண்டும் சந்திக்கிறார்கள். அந்தக் காட்சிக்கு எழுதியது. பிஸே மொத்தத்தில் எழுதியவற்றில் எனக்கு எது வேண்டும் என்று யாராவது கட்டாயப்படுத்திக் கேட்டால், கார்மெனை விட்டுவிட்டு இதைத்தான் எடுத்துக்கொள்வேன். அதை எழுதும்போது அவருக்கு 33 வயது. கிழவர்களைப் பற்றி அவ்வளவு தெரிந்திருந்தது.

இரண்டாம் தொகுப்பின் கடைசியில் வருவது ஃபராந்தோல், நீங்கள் ஏற்கெனவே எங்காவது விளம்பரத்திலாவது கேட்டிருக்கக்கூடிய துண்டு. முன்னிசையின் அணிவகுப்பு மெட்டு முதலில், அதை அடுத்து துடுக்கான ஒரு நடன மெட்டு தனியாக. கடைசி நிமிடத்தில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடர முயலுங்கள். மூன்றாவது முறை கேட்கும்போது பிடிபட்டுவிடும்.

யார் கை? முதல் தொகுப்பு பிஸேயுடையது. இரண்டாம் தொகுப்பை அவர் இறந்து நான்கு ஆண்டு கழித்து, 1879இல், நண்பர் எர்னெஸ்ட் கிரோ அமைத்தார். அதிலுள்ள புல்லாங்குழலும் ஹார்ப்பும் சேர்ந்த அழகான மினுவெத் என்ற நடன இசை, இந்த நாடகத்தைச் சேர்ந்ததே அல்ல. பிஸேயின் வேறொரு ஓபராவான ‘பெர்த் நகரத்து அழகி’யிலிருந்து கிரோ தூக்கி வந்து வைத்தது. கிரோவின் பெயரை நினைவில் வையுங்கள், அவர் மறுபடியும் வருவார்.

இரண்டாம் மாலை: பதினேழு வயதுப் பையனின் சிம்பொனி

அடுத்தது சி மேஜர் சிம்பொனி, முழு இசைக்குழுவுக்காக எழுதிய பெரிய படைப்பு. அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும், நான்கு பகுதிகள். கேட்கும்முன் பையனைப் பற்றிக் கொஞ்சம்.

அப்பா அதோல்ஃப் முடிதிருத்துபவராகவும் பொய்முடி செய்பவராகவும் இருந்து, பாட்டு வாத்தியாராக மாறியவர். அம்மா பியானோ வாசிப்பவர். வீட்டில் பாட்டு வகுப்பு நடக்கும்போது கதவுக்கு வெளியே நின்றே பையன் கற்றுக்கொண்டான் என்பார்கள். பத்து வயது நிறைவதற்கு முன்பே பாரிஸ் இசைக்கல்லூரியில் இடம் கிடைத்தது. இசையமைப்புக்கு ஆசிரியர் ஃபிரொமந்தால் ஆலெவி. ஆதர்சம் இசையமைப்பாளர் சார்ல் குனோ. 1855 அக்டோபர் கடைசியில், 17ஆவது பிறந்தநாள் முடிந்த சில தினங்களில், சிம்பொனியை எழுதத் தொடங்கினான். ஒரு மாதத்தில் முடித்துவிட்டான். முடித்தபின் ஓரமாக வைத்துவிட்டான்.

அது அவர் காலத்தில் ஒருமுறைகூட வாசிக்கப்படவில்லை. குனோ அப்போதுதான் வெளியிட்டிருந்த முதல் சிம்பொனியின் சாயல் இதில் அப்பட்டமாக இருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். பயிற்சி நோட்டு என்று பிஸேயே அதை ஒதுக்கியிருக்கலாம். கையெழுத்துப் பிரதி இசைக்கல்லூரி நூலகத்தில் 1933இல் கண்டெடுக்கப்பட்டு, 1935 பிப்ரவரி 26 அன்று சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஃபெலிக்ஸ் வைன்கார்ட்னர் நடத்த முதன்முறையாக ஒலித்தது. எழுதி எண்பது வருடம் ஆகியிருந்தது. 1947இல் ஜார்ஜ் பாலன்ஷின் இதற்கு பாலே அமைத்தார். அதை இன்றும் ஆடுகிறார்கள்.

இரண்டாம் பகுதியை முதலில் போடுங்கள். மற்ற மூன்றும் துள்ளிக்கொண்டு ஓடுபவை, எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். இரண்டாவதில் ஓபோ என்ற குழல் வாத்தியம், நீளமாக, வளைந்து வளைந்து, கொஞ்சம் கிழக்கத்தியச் சாயலோடு தனியாகப் பாடுகிறது. கேட்டவுடன், இந்தப் பையன் பிற்காலத்தில் கிழக்கைப் பற்றித்தான் ஓபரா எழுதப்போகிறான் என்று தோன்றும். பிறகு நடுவில் திடீரென்று இசைக்கல்லூரி மாணவன் தலைகாட்டுகிறான். மெட்டை எடுத்து ஃபியூக் முறையில் ஒரு குரலைத் துரத்தி இன்னொரு குரல் என்று இலக்கண வித்தை காட்டுகிறான். வாத்தியார் மகிழ்ந்திருப்பார், எனக்கு அங்கே சற்று அலுக்கும். ஓபோ திரும்பி வரும்வரை பொறுத்திருங்கள்.

யார் கை? முழுக்க அவர் கை. குனோவின் நிழல் மட்டும்.

1857இல் ரோம் பரிசு பெற்றார். அரசாங்கச் செலவில் ரோமில் வில்லா மெடிச்சியில் தங்கி எழுதலாம், உலவலாம். அவர் வாழ்க்கையில் கவலையற்ற காலம் அதுதான். பாரிஸ் திரும்பியபின் பியானோ கற்றுக்கொடுத்தும், பதிப்பாளர்களுக்காகப் பிறர் ஓபராக்களைப் பியானோவுக்கு மாற்றிக்கொடுத்தும் பிழைப்பு நடந்தது. பியானோவில் அவர் சாதாரண ஆள் அல்ல. 1861இல் ஆலெவி வீட்டில் பியானோ மேதை லிஸ்ட் தம்முடைய கடினமான துண்டு ஒன்றை வாசித்துக் காட்ட, பிஸே அதைப் பிரதியைப் பார்த்த மாத்திரத்தில் பிசகாமல் வாசித்தார் என்றும், லிஸ்ட் வாயடைத்துப்போனார் என்றும் ஒரு கதை உண்டு. ஆனாலும் மேடைக் கச்சேரிக்காரராக ஆக அவர் விரும்பவே இல்லை. அவருக்கு ஓபரா வேண்டியிருந்தது.

மூன்றாம் மாலை: இலங்கைக் கரையில் முத்துக்குளிப்பவர்கள்

நம் வாசகர்களை நான் கையைப் பிடித்து அழைத்துப்போக விரும்பும் இடம் இது. 1863 செப்டம்பர் 30 அன்று பாரிஸின் தியாத்ர் லிரிக்கில் அரங்கேறிய ‘முத்துக்குளிப்பவர்கள்’ ஓபராவின் களம் பண்டைய இலங்கை. பிஸேவுக்கு அப்போது 24 வயது. ரோம் பரிசு பெற்ற இளைஞர் ஒருவரின் ஓபராவை ஆண்டுதோறும் மேடையேற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு அந்த அரங்குக்கு மானியம் கிடைத்திருந்தது. அதனால் வந்த வாய்ப்பு.

கதை சுருக்கம்: ஸூர்கா, நாதிர் இருவரும் நண்பர்கள். முன்பு ஒரு கோயிலில் கண்ட முக்காடிட்ட பெண் ஒருத்தியால் நட்பில் விரிசல் விழுந்து, இனி அவளை மறந்துவிடுவோம் என்று உறுதி எடுத்தவர்கள். முத்துக்குளிப்புக் காலத்தில், கடலில் இறங்குபவர்களைத் தீய சக்திகள் தீண்டாமல் பாறைமேல் நின்று பாடிக் காப்பதற்காக ஒரு கன்னிப்பெண் வரவழைக்கப்படுகிறாள். வந்தவள் அதே பெண், லெய்லா.

லெய்லாவும் நாதிரும் எந்தக் காலத்தில் இலங்கைக் கரையில் வைத்த பெயர்கள் என்று கேட்காதீர்கள். மீனவர்கள் பிரம்மாவை விழுந்து விழுந்து வணங்குவார்கள், அதையும் கேட்காதீர்கள். கதையை எழுதிய கொர்மோனும் கர்ரேயும் முதலில் மெக்சிகோவில் நடப்பதாக யோசித்து, பிறகு இலங்கைக்கு மாற்றியவர்கள். இருந்தும் ஓரிடத்தில் அவர்கள் உண்மையை உரசிவிட்டார்கள். மன்னார் வளைகுடாவில் சலாபம் என்ற முத்துக்குளிப்பு நடந்த நாள்களில், சுறா தீண்டாமல் மந்திரத்தால் கடலைக் கட்டுபவர் கரையில் இல்லாமல் குளியாளர்கள் இறங்க மாட்டார்கள். கடல் கட்டி என்று அவருக்குப் பெயர். மந்திரத்தில் நம்பிக்கை இல்லாத பிரிட்டிஷ் அரசாங்கமும் அவரை வைத்துக்கொண்டது, இல்லையென்றால் ஒரு படகும் கிளம்பாது. பாறைமேல் நின்று பாடும் லெய்லாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மன்னார்ப் பக்கத்து அரிப்பு என்ற ஊர்க் கரையின் கடல் கட்டிதான் நினைவுக்கு வருவார். பாரிஸ்காரர்கள் அவருக்குச் சேலை கட்டி, சொப்ரானோ என்ற உச்சப் பெண்குரல் கொடுத்துவிட்டார்கள்.

கேட்கும் முறை. முதலில் முதல் அங்கத்தில் வரும் இருவர் பாட்டு, டெனர் என்ற உயர்ந்த ஆண்குரலுக்கும் பாரிடோன் என்ற அதனினும் தாழ்ந்த ஆண்குரலுக்கும். ‘புனிதக் கோயிலின் உள்ளே’ என்று தொடங்கும். ஹார்ப்பின்மேல் புல்லாங்குழல் மெட்டை எடுக்கும். அந்த மெட்டுத்தான் கோயிலில் கண்ட பெண். ஓபரா முழுவதும் அவள் நினைவு வரும் இடமெல்லாம் அது திரும்ப வரும். யூஸ்ஸி பியோர்லிங், ராபர்ட் மெரில் இருவரும் பாடிய பதிவு புகழ்பெற்றது. இரண்டாவதாக, நாதிர் தனியே பாடும் ‘இன்னும் கேட்பதுபோல் இருக்கிறது’. டெனர் குரல் உச்சத்தில் நின்றுகொண்டே மென்மையாக இருக்க வேண்டிய பாட்டு. தாலாட்டின் அசைவு. இந்த இரண்டும் பிடித்தால் முழு ஓபராவுக்குப் போங்கள். பிடிக்காவிட்டால் போக வேண்டாம். நடுவில் சக்கை நிறைய உண்டு, பிஸேயின் அன்பர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

அரங்கில் கூட்டம் ரசித்தது, பத்திரிகைகள் தாக்கின. விதிவிலக்காகப் பாராட்டி எழுதியவர் இசையமைப்பாளர் பெர்லியோஸ். 18 காட்சிகளோடு நின்றது. பிஸே உயிரோடு இருந்தவரை மறுபடி மேடையேறவில்லை.

யார் கை? இங்கேதான் மிகவும் எச்சரிக்கை தேவை. கார்மென் உலகப் புகழ் பெற்றபின் பழைய சரக்கைத் தூசி தட்டிய பதிப்பாளர், ஆளை வைத்து இஷ்டத்துக்கு மாற்றினார். இருவர் பாட்டின் முடிவில் கோயில் மெட்டு மீண்டும் முழங்கித் திரும்புகிறதா? அது பிஸே எழுதிய முடிவு அல்ல. அவருடைய 1863 வடிவத்தில் அந்த மெட்டு அங்கே திரும்புவதில்லை, நட்பைப் போற்றும் வேறொரு வேகமான பகுதியில் பாட்டு முடியும். நாம் பெரும்பாலும் உருகுவது பிறர் ஒட்டிய முடிவுக்கு, பியோர்லிங் பதிவும் அப்படித்தான். உண்மையைச் சொன்னால் ஒட்டியவருக்கு மேடை தெரிந்திருக்கிறது. ஆனால் ஓபராவின் முடிவில் கைவைத்ததை மன்னிக்க முடியாது. காதலர்களைத் தப்பவிட்டு ஸூர்கா தனியே நிற்பதோடு பிஸே முடித்தார். பிற்காலப் பதிப்புகளில் ஸூர்காவைக் கொன்றுவிட்டார்கள். 1970களிலிருந்துதான் மூல வடிவத்தை மீட்கும் வேலை நடந்தது. பதிவின் உறையிலோ விவரக்குறிப்பிலோ ‘1863 வடிவம்’ என்று போட்டிருந்தால் அதை எடுங்கள்.

நான்காம் மாலை: கார்மென்

ஒரே மாலை என்று சொன்னேன், நான்காகப் பிரித்துக்கொள்வதும் நல்லது. இசை இரண்டரை மணி நேரத்துக்கு மேல். அங்கங்கள் நான்கு. நாளைக்கு ஒரு அங்கம் பார்த்தால் யாரும் கேட்கப்போவதில்லை. மொழிபெயர்ப்பு வரிகள் கட்டாயம். கதையை முன்பே படித்துவிடுங்கள். முடிவு தெரிந்தால் சுவை போய்விடும் என்று பயப்பட வேண்டாம். இதில் முடிவை முன்னிசையிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

அந்த முன்னிசையில் காளைச்சண்டை ஆரவாரம் முடிந்து, ஒரு கணம் நிசப்தம். பிறகு கம்பிவாத்தியங்கள் நடுங்க, செல்லோக்களும் கூட்டாளிகளும் கனமாக ஐந்து சுரம் கொண்ட ஒரு சிறு தொடரை இழுப்பார்கள். அதன் கடைசிச் சுரத்தை ஸட்ஜமாக வைத்துக்கொண்டு பாடிப் பாருங்கள்: ம க ரி க ஸ. மாயாமாளவகௌளையின் சுரங்கள். சரளி வரிசை பாடிய எந்தக் குழந்தைக்கும் தெரிந்த அந்த ரிஷப காந்தார இடைவெளிதான் ஓபரா முழுவதும் விதியாக வந்து நிற்கிறது. பிஸேவுக்குக் கர்நாடக இசை தெரிந்திருந்தது என்று யாரும் இதைக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம். ஸ்பெயின் நாட்டு நாடோடிகளின் இசை என்று பிரெஞ்சுக் காது கற்பனை செய்த ஒலி அது. பிஸே ஸ்பெயினில் கால் வைத்ததே இல்லை. நமக்குக் கிடைக்கும் லாபம், அந்தத் தொடரை ஒருமுறை கேட்டால் மறக்க மாட்டோம் என்பது. கார்மென் மேடைக்குள் வரும்போது அதையே வேகமாக, சிமிட்டலாகக் கேட்பீர்கள். சீட்டுக்கட்டு அவளுக்குச் சாவைக் காட்டும்போதும், கடைசிக் காட்சியிலும் மெதுவாக.

முதல் அங்கம் ஸ்பெயினின் செவில் நகரில், புகையிலைத் தொழிற்சாலை வாசலில். (அந்தக் கட்டடத்தில் இப்போது செவில் பல்கலைக்கழகம் இயங்குகிறது.) கார்மென் பாடும் ஹபனேரா என்ற நடனப் பாட்டில் குரலைப் பின்தொடராதீர்கள், அது தானாகக் காதில் விழும். அடியில் செல்லோ ஒரே நான்கு சுரத்தை மாற்றாமல் தட்டிக்கொண்டிருப்பதைப் பிடியுங்கள். மேலே குரல் படிப்படியாக வழுக்கி இறங்குகிறது, கீழே அது அசையாமல் நிற்கிறது. கார்மெனின் குணம் முழுவதும் அந்த முரணில் இருக்கிறது. முதலில் எழுதிய பாட்டில் நடிகை செலஸ்தீன் காலி-மரியே திருப்தியடையவில்லை, பிஸே பலமுறை மாற்றி எழுதிக் கடைசியில் வந்தது இது. மெட்டு அவருடையது அல்ல. நாட்டுப்பாடல் என்று நினைத்து அவர் எடுத்தது செபாஸ்தியான் இராதியேர் என்ற ஸ்பானிய இசையமைப்பாளரின் பாட்டு. தெரிந்தபின் அச்சுப் பிரதியில் குறிப்புச் சேர்த்தார்.

இரண்டாம் அங்கத்தில், கார்மெனிடம் மயங்கிய படைவீரன் ஹோசே பாடும் பூப்பாட்டு. சிறையில் காய்ந்த பூவை முகர்ந்துகொண்டே இருந்ததைச் சொல்கிறான். பாட்டின் முடிவுக்கருகே குரல் உச்சத்துக்கு ஏறும். பிரதியில் பிஸே அந்த இடத்தில் ‘மிக மென்மையாக’ என்று குறித்திருக்கிறார். பெரும்பாலான பாடகர்கள் கத்திவிடுவார்கள். எந்தப் பதிவை வாங்கலாம் என்று முடிவுசெய்ய எளிய சோதனை இது: அந்த ஒரு சுரத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாம் அங்கத்தில் நான் தூங்கி எழுந்த மலை வருகிறது. அதற்கு முன் புல்லாங்குழலும் ஹார்ப்பும் சேர்ந்த இடையிசை ஒன்று உண்டு. இப்போது அதற்காகவே விழித்திருக்கிறேன்.

நான்காம் அங்கம் இருபது நிமிடம்தான், ஆனால் அதன் பிற்பாதியை எழுந்திராமல் கேட்க வேண்டும். காளைச்சண்டை அரங்குக்கு வெளியே ஹோசேயும் கார்மெனும் மட்டும். உள்ளே கூட்டம் ஆரவாரிக்கிறது. அவன் கெஞ்சுகிறான், உள்ளே வெற்றி முழக்கம். அவள் மோதிரத்தைக் கழற்றி எறிகிறாள், உள்ளே மறுபடி முழக்கம். அவன் கத்தியை எடுக்கும்போது கொண்டாட்டப் பாட்டு உச்சத்தில் இருக்கிறது. கூட்டத்துக்கு வெளியே நடப்பது தெரியாது. சோக இசை போட்டு நம்மை அழவைக்கும் வேலையை பிஸே செய்யவே இல்லை.

1875 மார்ச் 3 அன்று இதை மேடையேற்றிய ஓபெரா-கொமிக் குடும்பங்கள் வரும் அரங்கு. பெண்ணும் பிள்ளையும் பார்த்துக்கொள்ளும் சம்பிரதாயச் சந்திப்புகளுக்கென்றே மாடங்களை வாடகைக்கு எடுப்பார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் கதாநாயகியைக் குத்திக் கொன்றால் என்ன ஆகும்? நிர்வாகிகளில் ஒருவரான தெ லுவேன் மேடையில் சாவு கூடாது என்று மன்றாடிப் பார்த்து, நடக்காமல் பதவியை விட்டே போனார். புகைபிடித்துக்கொண்டும் அடித்துக்கொண்டும் பாட வேண்டியிருந்ததால் கூட்டுப்பாடகிகளும் முறையிட்டார்கள்.

கார்மென் தோற்றது, அந்தத் துக்கத்தில் பிஸே இறந்தார் என்று பல இடங்களில் படிப்பீர்கள். பாதி உண்மைகூட இல்லை. விமரிசனங்கள் கடுமையாகவே இருந்தன, இருக்கைகள் நிறையவில்லை. ஆனாலும் மூன்று மாதத்தில் முப்பது தடவைக்கு மேல் நடந்தது. பிஸேவுக்குத் தொண்டை நோயும் வாதமும் பல வருடத் தொல்லை. மே மாதக் கடைசியில் பூஜிவாலில் சேன் ஆற்றில் நீந்திவிட்டு வந்தவருக்குக் காய்ச்சல் கண்டது, இருமுறை மாரடைப்பு வந்தது. ஜூன் 3 அவருடைய ஆறாவது திருமண நாள். மனைவி ஜெனவியேவ், அவருடைய ஆசிரியர் ஆலெவியின் மகள்.

யார் கை? பிஸே எழுதியபடி பாட்டுகளுக்கு நடுவே பாத்திரங்கள் சாதாரணமாகப் பேசுவார்கள். அவர் இறந்து சில மாதத்தில், அக்டோபர் 1875இல், வியன்னாவில் மேடையேற்றுவதற்காக அந்த வசனங்களைப் பாட்டாக மாற்றியவர் நம் எர்னெஸ்ட் கிரோ. அந்த வடிவம்தான் உலகம் சுற்றியது. கண்டுபிடிப்பது சுலபம்: பாட்டு முடிந்ததும் இசை நின்று பேச்சு வந்தால் பிஸேயின் முறை, பேச்சும் இழுத்துப் பாடப்பட்டால் கிரோ. பேசும் வடிவத்தைத் தேடிப்பிடியுங்கள். கிளாடியோ அப்பாதோ நடத்தி தெரேஸா பெர்கான்ஸா பாடிய பதிவு அந்த வகை. கண்ணால் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு ஃபிரான்செஸ்கோ ரோஸி 1984இல் எடுத்த படம் நல்லது, செவில் வெயில் திரையில் சுடும்.

பிறகு

‘பெர்த் நகரத்து அழகி’, ‘ஜமிலே’ ஆகிய ஓபராக்களுக்கு அவசரம் இல்லை. பாரிஸ் போக வாய்ப்பு இருந்தால் பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் பிஸே இருக்கிறார். ஓபெரா-கொமிக் அதே சதுக்கத்தில்தான் நிற்கிறது, ஆனால் கார்மென் அரங்கேறிய கட்டடம் 1887இல் தீப்பிடித்து அழிந்துவிட்டது. இப்போது பார்ப்பது 1898இல் திறந்தது. சுவரைத் தொட்டு உருக வேண்டாம்.

வீட்டில் இரண்டு பேர் பியானோ வாசிப்பவர்களாக இருந்தால், அல்லது சின்னக் குழந்தை இருந்தால், 1871இல் எழுதிய ‘குழந்தைகளின் விளையாட்டுகள்’ இருக்கிறது. ஒரே பியானோவில் நான்கு கைகளுக்காகப் பன்னிரண்டு குட்டித் துண்டுகள்: ஊஞ்சல், பம்பரம், பொம்மை, மரக்குதிரை, கண்ணாமூச்சி, பச்சைக்குதிரை, சோப்புக் குமிழி என்று. ஐந்தை மட்டும் அவரே இசைக்குழுவுக்கு மாற்றினார், அதில் வேறு யார் கையும் இல்லை. பம்பரம் ஒரு நிமிடம்தான் ஓடும். விர்ரென்று சுற்றி, தள்ளாடி, சாய்ந்துவிடும். தலைப்பைச் சொல்லாமல் அதைப் போட்டுவிட்டு, இது என்ன என்று குழந்தையிடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் ‘மிக்ஸி’ என்று பதில் வந்தது.